பதினேழாம் நம்பர் பால்

இவ்வளவு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். நம் பால் சங்கத்தின் முன்னாள் செயலாளர் ராமசாமி அண்ணன் கொல்லங்கோட்டு ஆஸ்பத்திரியில் இறந்த செய்தி, தலைவர் வாட்ஸ்அப் குழுவில் போட்ட பதிவாகத்தான் எனக்கு வந்தது. ‘சங்கத்தின் தூண் சாய்ந்தது’ என்று எழுதியிருந்தார். சாய்த்தவர் அவர்தான்.

அண்ணன் வருவதற்கு முன் பாலை அளந்தவரே சோதித்தார், முடிவையும் அவரே எழுதினார். பெரிய தோப்புக்காரர் வீட்டுப் பாலில் ஒருநாளும் தண்ணீர் இருந்ததில்லை. அண்ணன் அந்த வேலையைப் பிரித்தார். வாசலில் ஒருவர் சாம்பிள் பாட்டிலில் நம்பரை மட்டும் ஒட்டுவார். உள்ளே சோதிப்பவருக்குப் பெயர் தெரியாது. முடிவு வரும்வரை பால் டேங்க்கில் சேராமல் கேனிலேயே நிற்கும்.

“எங்க மேல நம்பிக்கை இல்லீங்களா?” என்று கேட்டவர்களிடம், “உங்களை நம்பறனுங்க. எல்லாப் பாலும் ஒரே டேங்க்குலதானுங்க கலக்குது, அதைத்தான் நம்ப முடியல” என்றார்.

ஒரு காலை பதினேழாம் நம்பர் பாலைத் திருப்பி அனுப்பினார். தலைவரே நேரில் வந்துவிட்டார்.

“ஏனுங்க செகரட்டரி, எம் பால்ல தண்ணியா?”

“உங்க பாலுன்னு தெரியாதுங்க. பதினேழாம் நம்பர் பாலுங்க.”

“மாடு கெணத்துல எறங்கிக் குளிச்சிருக்குமுங்க” என்றது வரிசையில் ஒரு குரல். எல்லோரும் சிரித்தீர்கள்.

அடுத்த பொதுக்குழுவில், உறுப்பினர்களை அவமதித்தார் என்று அண்ணனை நீக்கினார்கள். சிரித்த வாய் ஒன்றும் திறக்கவில்லை. எதிர்த்து எழுந்த ஒரே ஆளிடம் தலைவர், “எம்.காம் படிச்சுப்போட்டு மாடு மேய்க்கறவரெல்லாம் உக்காருங்க” என்றார். அதற்கும் சிரித்தீர்கள்.

பாட்டிலில் மறுபடி பெயர் ஏறியது. சென்ற மாதம் யாரோ ஊற்றிய கெட்ட பாலால் டேங்க் முழுவதும் பால் பண்ணையிலிருந்து திரும்பி வந்தது. ஒழுங்காக ஊற்றியவர்களின் பாலும் ஓடையில் போனது. பழி மட்டும் பழைய செகரட்டரி மேல் விழுந்தது. அவர் செய்த குழப்படி இன்னும் தீரவில்லையாம்.

ஆஸ்பத்திரிக்குப் போனபோது அதை அவரிடம் சொன்னேன். “எம் பேரு எப்படியோ போகட்டுமுங்க. மறுபடி நம்பர் போடச் சொல்லுங்க” என்றார்.

எரியூட்டும் இடத்துக்குத் தலைவர் மாலையோடு வந்தார். படம் எடுக்கவும் ஆள் கூட்டி வந்திருந்தார்.

அண்ணனிடமிருந்து நான் வைத்துக்கொள்வது ஒன்றுதான்: சோதிக்கிறவனுக்குப் பெயர் தெரியக்கூடாது. எழுதியது யார் என்று தெரிந்தால் நீங்கள் அவனைப் பற்றித்தான் பேசுவீர்கள், பாலைப் பற்றிப் பேசமாட்டீர்கள். சங்கத்துச் சுவரில் தலைவர் ஒட்டிய அஞ்சலிச் சுவரொட்டிக்குக் கீழே இதை ஒட்டப்போகிறேன். பெயர் போடவில்லை. சோதித்துப் பாருங்கள்.