சுறா எண்ணெய் பூசிய அச்சாணிகள்

ஒரு சோதனை அறிக்கையில் தெரிந்தே பொய் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அது வெளியே வந்த அன்று பழியை மீன் விற்கும் ஒரு பெண்ணின் தலையில் கட்டினேன். முதலாவதைப் பயத்தில் செய்தேன் என்று சொல்லலாம். இரண்டாவதற்கு அப்படி எதுவும் சொல்ல முடியவில்லை. கேட்டார்கள், வாயில் வந்தது, சொல்லிவிட்டேன்.

எழுபதுகளின் நடுவில் செங்கல்பட்டு ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், பம்பு செட்டுக்கு உதிரி பாகம் செய்யும் ஒரு பட்டறையில் வேலை பார்த்தேன். உலோகவியல் படித்தவன் அங்கே நான் ஒருவன்தான். ஒருநாள் விமானம் ஓட்டக் கற்றுத்தரும் ஒரு கழகத்தின் மெக்கானிக், கைக்குட்டையில் சுற்றி ஒரு பழைய அச்சாணியைக் கொண்டுவந்தார். சிறிய பயிற்சி விமானத்தின் சக்கரத்தில் மாட்டுவது, விரல் நீளம்தான் இருக்கும். வெளிநாட்டிலிருந்து வரவேண்டும், இறக்குமதி லைசென்ஸ் கிடைக்காமல் விமானங்கள் கொட்டகையில் நிற்கின்றன, உங்களால் செய்ய முடியுமா என்று கேட்டார்.

லேத்காரர் ஒரே மத்தியானத்தில் கடைந்து கொடுத்துவிட்டார். அனுமதி வாங்குவதுதான் பெரும்பாடு. எஃகு எங்கே வாங்கினோம், எவ்வளவு பாரம் தாங்கும், அளவு எவ்வளவு கூடக் குறைய இருக்கலாம் என்று விமானத் துறையின் சென்னை அலுவலகம் ஒவ்வொன்றாகக் கேட்டது. ஒவ்வொரு தாளிலும் பொறுப்பாளர் கையெழுத்து வேண்டும். பொறுப்பாளர் நான். அச்சாணிக்கு மேலே துரு ஏறாமல் கேட்மியம் முலாம் பூசும் தொட்டியும் என் பொறுப்புதான்.

ஒரு வருடத்துக்குமேல் அலைந்தபின், துரு பிடிக்கிறதா என்று பார்க்கும் உப்புக் காற்றுச் சோதனை மட்டும் பாக்கி இருந்தது. ஆய்வுக்கூடத்தில் இடம் கிடைக்கத் தாமதமாகும் என்று அந்த அலுவலகத்துப் பரிசோதனை அதிகாரி வேறு வழி சொன்னார். பன்னிரண்டு அச்சாணிகளைக் கடலோரத்தில் திறந்த வெளியில் மூன்று மாதம் தொங்கவிட வேண்டும். வாரம் ஒருமுறை நானே போய்ப் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். அவ்வளவுதான்.

எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் பெண் மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்தில் இருந்தாள். என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். விடியற்காலை பஸ்ஸில் கூடையோடு வந்து, மார்க்கெட்டிலும் தெருக்களிலும் விற்று முடித்து மத்தியானம் திரும்புவாள். அவள் வீட்டுக்கு முன்னால் மணலில் சவுக்குக் கம்புகளை நட்டு, குறுக்கே ஒன்று கட்டி, அச்சாணிகளை நைலான் நூலில் தொங்கவிட்டேன். கிளம்பும்போது, திருடு போகக்கூடாதே என்ற நினைப்பில், "பத்திரமா பாத்துக்கம்மா" என்றேன்.

"நீ போ நைனா. ஏரோப்ளேனே குடுத்துட்டுப் போனாலும் பாத்துக்குவேன்" என்றாள்.

முதல் இரண்டு ஞாயிறும் போனேன். மாற்றம் இல்லை. மூன்றாவது ஞாயிறு மழை. அடுத்ததும் மழை. பிறகு மழை விட்டும் போகவில்லை. பஸ் ஸ்டாண்டு வரை போவேன், மாமல்லபுரம் பஸ் புறப்படுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன், டீக்கடையில் உட்கார்ந்து நோட்டில் "மாற்றம் இல்லை" என்று எழுதிவிட்டுத் திரும்புவேன். தொட்டியில் முலாம் மெல்லிசாகத்தான் ஏறியது என்ற சந்தேகம் எனக்கு ஆரம்பத்திலிருந்தே இருந்தது. போனால் அது தெரிந்துவிடும். முதலாளி தினமும் காலையில், "தம்பி, கடல் இன்னா சொல்லுது?" என்று கேட்பார். நல்லதாகத்தான் சொல்கிறது என்பேன். அந்த நாட்களில் பட்டறையில் ஓர் இடத்தில் பத்து நிமிடம் என்னால் உட்கார முடிந்ததில்லை.

கடைசி நாள் போனேன். பன்னிரண்டும் வெயிலில் பளபளத்தன. கிட்டே போனதும் வாடை மூக்கில் ஏறியது.

"பாத்தியா நைனா, ஒண்ணும் காணாம போவல" என்றாள்.

"மேல இன்னா தடவின?"

"சுறா எண்ணதான், வேற இன்னா? மூணாம் வாரமே செவப்பா பூத்துகினு வந்துச்சு. எங்க வூட்டுக்காரரு, பையன் நம்பிக் குடுத்துட்டுப் போயிருக்கான், துரு புடிச்சா நம்மளதான் கேப்பான்னாரு. தொடச்சிட்டு வாரத்துக்கு ஒருக்கா தடவினேன். எங்கூட்டு அருவாமனையகூட இப்டி பாத்துகினதில்ல."

கடலோரத்தில் இரும்பையும் மரத்தையும் அப்படித்தான் காப்பாற்றுவார்கள். பத்திரம் என்ற சொல்லுக்கு அவளுக்கு அதுதான் பொருள். வேலையைச் சரியாகச் செய்திருந்தாள். நான் அச்சாணிகளைக் கழற்றிக்கொண்டு வந்து, மண்ணெண்ணெயில் கழுவி, சோப்புப் போட்டுத் தேய்த்து, "மூன்று மாதமும் துரு இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அனுமதி வந்தது. முதலாளி பட்டறைக்கு மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தார். லேத்காரர் இரண்டு துண்டு எடுத்துக்கொண்டார். நான் ஒன்றுகூட எடுக்கவில்லை.

ஆறேழு மாதம் கழித்து, பராமரிப்புக்காகச் சக்கரத்தைக் கழற்றிய அதே மெக்கானிக், எங்கள் அச்சாணி ஒன்று துருவேறிச் சிவந்து இறுகிக் கிடப்பதைப் பார்த்துச் சென்னை அலுவலகத்துக்கு எழுதிப் போட்டார். அதிகாரி பட்டறைக்கு வந்து, சோதனையில் ஏதாவது தவறு நடந்ததா என்று கேட்டார். முதலாளி என் முகத்தைப் பார்த்தார்.

"காவலுக்கு இருந்த மீன்காரம்மா எங்களுக்குத் தெரியாம எண்ணெய் தடவியிருக்கா சார். இப்பதான் தெரிஞ்சுது" என்றேன்.

அன்றே எங்களை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு குப்பத்துக்குப் போனார். சவுக்குக் கம்புகள் அப்படியே இருந்தன, அதில் வலை காய்ந்துகொண்டிருந்தது.

"யாரும்மா எண்ணெய் தடவச் சொன்னது?" என்று கேட்டார்.

"யாரும் சொல்லல சார். பத்திரமா பாத்துக்கச் சொன்னாரு, பாத்துகினேன்."

"கடைசி நாள் இவர் வந்தப்ப இவர்கிட்ட சொன்னீங்களா?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் வலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அவரு வந்தாரு, எடுத்துகினு போனாரு. எண்ண வாசன அவருக்கு இன்னா தெரியும் சார், மீன்ல முள்ளு எடுக்கவே தெரியாது அவருக்கு."

அதிகாரி எழுதிக்கொண்டார். முதலாளி அவளைத் திட்டிய திட்டை இங்கே எழுத எனக்கு மனமில்லை. அனுமதி நிறுத்தி வைக்கப்பட்டது, மறு சோதனை செய்யலாம் என்று சொன்னார்கள். ஏற்கெனவே விமானங்களில் மாட்டிய மற்ற அச்சாணிகளை அடுத்த பராமரிப்பில் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவானது. துரு மூன்றாம் வாரமே வந்துவிட்டது என்பது எனக்கும் அவள் வீட்டுக்கும் மட்டும்தான் தெரியும். முலாமே சரியில்லை என்ற அதன் அர்த்தம் அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

மீன்காரியால் இரண்டு வருட உழைப்பு போயிற்று என்று முதலாளி ஊரெல்லாம் சொன்னார். மார்க்கெட்டில் பக்கத்துக் கடைக்காரிகள் பிடித்துக்கொண்டார்கள்.

"இன்னா ஏரோப்ளேன்காரி, இன்னிக்கு வஞ்சிரத்துக்கும் எண்ண தடவிட்டியா?"

"பாத்து வாங்குங்கம்மா, அவ மீனு பளபளன்னு கீது."

கேலிதான். ஆனால் வாங்க வந்தவர்கள் அவள் மீனைத் தூக்கி மோந்து பார்த்துவிட்டு வைக்கத் தொடங்கினார்கள். எங்கள் தெருவில் யாரும் அவளைக் கூப்பிடவில்லை. எங்கள் வீட்டிலும்தான். சில வாரங்களில் அவள் வருவது நின்றது.

மீனம்பாக்கத்துக்குப் போகும் விமானம் தலைக்குமேல் கேட்டால், அது எங்கள் அச்சாணி மாட்டியது இல்லை என்று தெரிந்தும், வேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்துவிடுவேன். ஒரு திங்கட்கிழமை யாரிடமும் சொல்லாமல் சென்னைக்கு ரயில் ஏறினேன். நோட்டில் எந்தெந்த ஞாயிறு பொய் எழுதினேன், மூன்றாம் வாரம் அந்தப் பெண் என்ன பார்த்தாள், எல்லாம் தெரிந்து எப்படிக் கையெழுத்துப் போட்டேன் என்று மூன்று பக்கம் எழுதி அதிகாரியின் மேஜைமேல் வைத்தேன். படித்தார். என்னை உட்காரச் சொல்லவில்லை. அந்தக் கழகத்துக்கு டிரங்க் கால் போட்டு, எங்கள் அச்சாணி மாட்டிய எதையும் பறக்கவிடாதீர்கள் என்று சொன்னார். பிறகு, "அந்த அம்மா பாத்ததுதான் இந்த ஃபைல்ல சோதனை முடிவு. நீங்க எழுதின எதுவும் இல்ல" என்றார். அனுமதி ரத்தானது. இனி எந்தப் பாகத்துக்கும் நான் பொறுப்பாளராகக் கையெழுத்துப் போடக்கூடாது என்று கடிதம் வந்தது. முதலாளி மறுபடி பம்பு செட்டுக்கே போனார். வேலையை விட்டு அனுப்பவில்லை, பேசுவதை மட்டும் நிறுத்திக்கொண்டார். அவர் சாகும்வரை அப்படித்தான்.

மார்க்கெட்டுக்கும் போனேன். கடைக்காரிகளிடம் நின்று, தப்பு அவளுடையது இல்லை, என்னுடையது என்றேன். சிரித்தார்கள். "இப்டி பேச அவ எவ்ளோ கடன் குடுத்தா உனுக்கு?" என்றாள் ஒருத்தி. அதற்குப் பிறகு நான் அந்தப் பக்கம் போனால், "எண்ண இன்ஜினியரு வராரு" என்பார்கள்.

அந்த ஞாயிறே குப்பத்துக்குப் போனேன். அவள் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். புரட்டுவதை நிறுத்தாமல் கேட்டாள்.

"நான் தடவினது தப்புன்னு அன்னிக்கே சொல்லியிருந்தீனா நானும் அன்னிக்கே சொல்லியிருப்பேன் இல்ல, துரு புடிச்சுதுன்னு. அந்த அதிகாரி அத என்னாண்ட கேக்கவே இல்லியே."

"ஆமாம்மா."

"நான் தப்பு பண்ணிட்டேன்னு நெனச்சிகினு இருந்தேன் நைனா. உன் வேல போயிருமேன்னுதான் உன்ன வுட்டுக் குடுக்கல."

செங்கல்பட்டுக்கு மறுபடி வரச் சொன்னேன், மார்க்கெட்டில் பேசிவிட்டேன் என்றேன். திருக்கழுக்குன்றத்தில் மீன் விற்க இடம் பிடித்துவிட்டதாகவும், இனி அந்தப் பக்கம் வரப்போவதில்லை என்றும் சொன்னாள். குரலில் கோபம் இருந்ததா என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை.

கிளம்பும்போது கேட்டாள்.

"ஏரோப்ளேன் ஒண்ணும் வுழலியே?"

"இல்லம்மா. எல்லாத்தையும் கழட்டிட்டாங்க."

"அப்ப போ. மூணு மணி பஸ்ஸு வந்துரும்" என்று கருவாட்டின் அடுத்த வரிசையைப் புரட்டத் தொடங்கினாள்.