பெரட்டுக்கு நான் வராத காலை

போன வருடக் கடைசியில், மழை விடாமல் பெய்த ஒரு செவ்வாய்க்கிழமை, மலேசியாவில், மலாக்கா பக்கம் புலாவ் செபாங்கில் என் வீட்டுக் குளியலறையில் நடந்தது இது. நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். பேச்சும் குறைவு. மகள் எழுதச் சொன்னாள். தெரிந்த மாதிரி எழுதுகிறேன்.

எனக்கு வயது அறுபத்து மூன்று. மனைவி போய்ச் சேர்ந்து நான்கு வருடம் ஆகிறது. மகளுக்கு ஜொகூரில் வேலை. தாமான் என்கிற குடியிருப்பில் சின்ன வீடு, நான் மட்டும்தான். ஒரு பக்கத்து வீடு காலி. இன்னொரு பக்கம் ஒரு மலாய்க்கார அம்மா. மக்சிக் என்று கூப்பிடுவேன். காலையில் பேரப்பிள்ளைகளைப் பள்ளியில் விட்டு, காய்கறி வாங்கப் பசாருக்கும் போய்விட்டுத்தான் திரும்புவார்.

மகள் எனக்கு ஒரு நல்ல போன் வாங்கிக் கொடுத்திருந்தாள். டிவி விளம்பரத்தில் வருகிற கம்பெனி. அதில் எனக்குத் தெரிந்தது இரண்டுதான். கூப்பிட்டால் எடுப்பேன். மெசேஜ் வந்தால் திறந்து பார்ப்பேன்.

தினமும் காலை ஆறு மணிக்கு ஒரு படம் வரும். ஒரு நாள் முருகன், ஒரு நாள் ரோஜாப்பூ, ஒரு நாள் ஆவி பறக்கும் தேத்தண்ணி. கீழே காலை வணக்கம் என்று இருக்கும். அனுப்புவது எங்கள் பழைய தோட்டத்து மண்டோர், அதாவது கங்காணி. அந்தக் காலத்தில் விடிவதற்கு முன் பெரட்டு எடுத்தவர். எல்லோரையும் வரிசையில் நிற்க வைத்து, பேர் கூப்பிட்டு, வந்தவன் யார், வராதவன் யார் என்று பார்த்து வேலைக்கு அனுப்புவதுதான் பெரட்டு. தோட்டம் கைமாறி நாங்கள் டவுனுக்கு வந்து பல வருடம் ஆகிவிட்டது. அவரிடம் இருப்பது மலிவான போன், கண்ணாடி வேறு கீறல். நான் படத்தைப் பார்ப்பேன். ஒரு நாளும் பதில் போட்டதில்லை.

அப்புறம் எலெக்‌ஷன் வந்தது. மண்டோர் மோட்டார் சைக்கிளில் கொடி கட்டினார். நான் எதிர்ப்பக்கம். ரோட்டோர ஒட்டுக்கடையில் பத்துப் பேர் உட்கார்ந்திருக்கும்போது பேச்சு முற்றியது.

"இந்தத் தடவ மாத்திக் காட்டுறோமா இல்லையா, பாரு லா," என்றார்.

"ஒரு பேக்கட் அரிசிக்குக் கொடி கட்டுறவரு நீங்க. நீங்க மாத்தப் போறீங்களா?" என்றேன்.

பக்கத்து மேசையில் சிரித்தார்கள். அதோடு நான் நிறுத்தியிருக்கலாம். "அன்னைக்குத் தோட்டத்துத் தொரைக்கு வால் ஆட்டுனீங்க, இன்னைக்கு இவனுங்களுக்கு ஆட்டுறீங்க," என்று சொல்லிவிட்டேன்.

யாரும் சிரிக்கவில்லை. அவர் கையிலிருந்த கிளாஸை மேசையில் வைத்தார். "நீ சொல்லிட்ட. சரி," என்றார். தேத்தண்ணி பாதியில் இருந்தது. எழுந்து போய்விட்டார்.

மறுநாள் காலை ஆறு மணிக்குப் படம் வந்தது. எனக்கு ஆத்திரம். என்னைக் கிண்டல் பண்ணுகிறார் என்று நினைத்தேன். அவர் நம்பரை வரவிடாமல் தடுக்க வேண்டும் என்று போனை அழுத்திப் பார்த்தேன். எப்படி என்று தெரியவில்லை. மகளைக் கேட்டால் ஏன் என்பாள். விட்டுவிட்டேன். ஏழு மாதம் நாங்கள் பேசவில்லை. கோயிலில் அவர் அந்தப் பக்கம் நிற்பார், நான் இந்தப் பக்கம். படம் மட்டும் நிற்கவில்லை. பழக்க தோஷம், நானும் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஐந்தரைக்குக் குளிக்கப் போனேன். கால் வழுக்கியது. இடுப்பில் ஏதோ முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. எழுந்திருக்க முடியவில்லை. நகரவும் முடியவில்லை. கத்தினேன். தகரக் கூரையில் மழை கொட்டியதில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

போன் ஹாலில் சார்ஜில் இருந்தது. கொஞ்ச நேரத்தில் 'டிங்' என்றது. மணி ஆறு என்று தெரிந்தது.

ஈரத் தரையில் கிடந்தேன். எனக்கு இனிப்பு நீர் வியாதி வேறு. குளிர் எலும்புக்குள் போனது. மகள் ஞாயிற்றுக்கிழமைதான் கூப்பிடுவாள். அதற்கு இன்னும் ஐந்து நாள். அந்தக் கணக்கைத்தான் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தேன்.

ரொம்ப நேரம் கழித்து போன் மணி அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது. மறுபடி நின்றது. அப்போதுதான் எனக்கு உண்மையிலேயே பயம் வந்தது.

பிறகு கேட்டில் ஹார்ன் சத்தம். "யோவ்! உள்ள இருக்கியா?" மண்டோர் குரல். கையில் அகப்பட்ட வாளியைச் சுவரில் அடித்தேன். "சத்தம் கேக்குது! இரு, வரேன்!" என்றார்.

கேட் பூட்டியிருந்தது. பசாரிலிருந்து அப்போதுதான் வந்த மக்சிக் தன் வீட்டு ஏணியைக் கொடுத்திருக்கிறார். அறுபத்தெட்டு வயது மனிதர் மழையில் பின்சுவர் ஏறிக் குதித்து, சமையலறைக் கதவை உடைத்து உள்ளே வந்தார். என்னைப் பார்த்ததும் முதலில் ஒரு துண்டை எடுத்து மேலே போட்டார்.

"ஏன் லா, கொடி கட்டுனவன் வந்துதான் உன்னத் தூக்கணுமா?" என்றார்.

சிரிப்பு வந்தது. சிரித்தால் இடுப்பு வலித்தது.

மக்சிக் ஆம்புலன்சுக்குப் போன் பண்ணினார். கம்பளி கொண்டுவந்து போர்த்தினார். வண்டியில் மண்டோர் என்கூட ஏறினார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். கீறல் விழுந்த போனைக் காட்டினார். என் பேருக்கு நேராகப் படம், கீழே இரண்டு கோடு சாம்பல் நிறத்தில்.

"ஆறேகாலுக்குள்ள நீ பாத்துருவ. இது நீலமாயிடும். இன்னைக்கு எட்டரை ஆச்சு, ஆவல. கூப்புட்டேன், எடுக்கல. பெரட்டுக்கு வராதவன் வீட்ல போய்ப் பாக்கணுமா வேணாமா?"

"நான் ஒரு நாளும் பதில் போட்டதில்லையே."

"உன் பதில் யாருக்கு லா வேணும்? ஆளு இருக்கியான்னுதான் பாக்கறேன்."

"கோவம் இல்லையா?"

"இருக்கு. இப்பவும் இருக்கு. அது வேற, இது வேற."

ஆஸ்பத்திரியில் இடுப்பில் இரும்பு வைத்தார்கள். மத்தியானம் வரை கிடந்திருந்தால் கஷ்டம்தான் என்று டாக்டர் சொன்னார். மகள் ஓடிவந்தாள். "மாமா, மாமா" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவளிடம்தான் அவர் சொல்லியிருக்கிறார். எங்கள் தோட்டத்து ஆள் முப்பத்தெட்டுப் பேருக்கு அனுப்புகிறாராம், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக. மொத்தமாகக் குரூப்பில் போட்டால் யார் பார்க்கவில்லை என்று தேட வேண்டுமாம். அந்த நம்பரைத் தடுக்க எனக்குத் தெரியாமல் போனதை நினைத்து அன்றைக்குக் கடவுளுக்கு நன்றி சொன்னேன்.

மூன்றாம் நாள் அவர் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். "அன்னைக்கு நான் சொன்னது தப்பு," என்றேன்.

"எது, கட்சியப் பத்தியா?"

"கட்சி இல்ல. வால் ஆட்டுறதுன்னு சொன்னது."

"ம்," என்றார். பாதி ஆரஞ்சை என் கையில் வைத்தார்.

இப்போது கைத்தடியோடு நடக்கிறேன். விழுந்தால் தானே கூப்பிடும் கைக்கடிகாரம் ஒன்று மகள் வாங்கித் தந்திருக்கிறாள். கட்டிக்கொண்டிருக்கிறேன், நல்ல சாமான்தான். அடுத்த எலெக்‌ஷனிலும் அவர் பக்கம் நான் போட மாட்டேன், அவருக்கும் தெரியும். ஆனால் நான் அவமானப்படுத்திய மனிதர் ஏழு மாதமாக ஒவ்வொரு காலையும் நான் உயிரோடு இருக்கிறேனா என்று பார்த்த பிறகுதான் தன் வேலைக்குப் போயிருக்கிறார் என்பதை நினைத்தால், எவரைப் பற்றியும் வாய் திறக்கும் முன் இன்றும் எனக்கு ஒரு நிமிடம் தயக்கம் வருகிறது.