உறையாத பால்

காலை ஆறேகாலுக்குத் தயிர்ச் சட்டியின் மூடியைத் திறந்தேன். முதல்நாள் பின்னேரம் உறை ஊற்றி வைத்த பால் உறையவில்லை. மேலே மஞ்சள் நீர் நின்றது. கரண்டியில் அள்ளினால் நூல்போல வழிந்தது.

"கந்தோர் வேலைக்குப் போற மனிசிக்கு ஒரு சட்டி தயிர் உறைய வைக்கத் தெரியேல்லை," என்று குசினி வாசலில் நின்று என் கணவர் சிரித்தார்.

"உங்கடை மாட்டைக் கேளுங்கோ," என்றேன்.

எங்கள் வெள்ளைப் பசுவுக்கு மடி வீங்கியிருந்தது. மிருக வைத்தியர் வரும்வரை காத்திராமல், போனமுறை மிஞ்சிய மருந்தை என் கணவரே ஊசியில் ஏற்றிப் போட்டிருந்தார். கிளிநொச்சிப் பக்கம் மாடு வைத்திருக்கும் பலர் இப்படித்தான் செய்வார்கள். வீக்கம் வற்றியதும் ஊசியை நிறுத்தி, மிச்சத்தை அடுத்த முறைக்கு எடுத்து வைப்போம். ஊசி போட்ட மாட்டின் பாலைச் சேகரிப்பு நிலையத்தில் எடுக்கமாட்டார்கள். மண்ணில் ஊற்றவும் எங்களுக்கு மனம் வராது. பால் மண்ணில் விழுந்தால் மாட்டின் மடி வற்றிவிடும் என்ற பயம். ஆகவே அந்தப் பால் எப்போதும் எங்கள் குசினிக்கே வரும். நன்றாகக் காய்ச்சினால் போதும் என்று நினைத்திருந்தோம்.

பதினான்கு வயது மகள் வந்து சட்டியை எட்டிப் பார்த்தாள்.

"அம்மா, இது தயிரில்லை. தயிரின்ரை தங்கச்சி."

சீனி போட்டு ஒரு பேணி நிறையக் குடித்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனாள். நான் தடுக்கவில்லை.

அடுத்த நாள் அவளுக்கு வயிற்றோட்டம். பிறகு காய்ச்சல். உடம்பு நடுங்கத் தொடங்கியதும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம். ஊசி ஏற்றினார்கள். காய்ச்சல் இறங்கவில்லை. மருந்தை மாற்றினார்கள். அப்போதும் இறங்கவில்லை. இரத்தப் பரிசோதனை முடிவு வந்த பிறகு டொக்டர் எங்களை வெளியே கூப்பிட்டார்.

"வீட்டிலை மாடு இருக்கோ? நீங்களே ஊசி போடுறனீங்களோ?"

"ஓம் டொக்டர், மாட்டுக்குத்தான்," என்றார் என் கணவர். உறையாமல் போன பாலைப் பற்றி நான் சொன்னேன்.

டொக்டர் பொறுமையாக விளங்கப்படுத்தினார். பாலில் இருந்த மருந்து தயிரை உறையவைக்கும் நல்ல கிருமியைக் கொன்றிருக்கும். பால் புளிக்காமல் கிடந்தபடியால், சட்டியிலிருந்தோ கையிலிருந்தோ சேர்ந்த கெட்ட கிருமி அதில் பெருகியிருக்கலாம்.

"அந்தப் பாலாலைதான் வந்தது எண்டு நான் அடிச்சுச் சொல்லமாட்டன். ஆனா இந்தக் கிருமிக்கு எங்கடை மருந்துகள் பழகிப்போச்சு, அதுகளாலை சாகாது. அரைகுறையா ஊசி போடுற இடங்களிலை இப்பிடித்தான் பழகும். இன்னும் ஒரு மருந்து இருக்கு. அது சிலபேருக்குக் காதைத் தாக்கும்."

"உயிர் இருந்தாப் போதும். போடுங்கோ," என்றார் என் கணவர். நானும் தலையாட்டினேன்.

காய்ச்சல் இறங்கியது. மகள் கஞ்சி கேட்டுக் குடித்தாள். நானும் அவரும் ஆஸ்பத்திரி மரத்தடியில் நின்று சின்னப் பிள்ளைகள் போல் அழுதோம். எல்லாம் முடிந்துவிட்டது என்றே நினைத்தேன்.

பிறகு ஒரு மத்தியானம் அவள் எரிச்சலோடு கேட்டாள்: "ஏன் எல்லாரும் எனக்கு முன்னாலை குசுகுசுக்கிறீங்கள்? நான் சாகப் போறனோ?"

நாங்கள் குசுகுசுக்கவில்லை. பக்கத்துக் கட்டிலில் ஒரு குழந்தை வீரிட்டு அழுதுகொண்டிருந்தது. அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"களைப்பாயிருக்கும், அம்மா," என்றார் தாதி. அதை நம்ப எவ்வளவோ முயன்றேன். கணவர் எழும்பி வெளியே போனார். அன்றிலிருந்து அவர் வீட்டில் சிரித்து நான் காணவில்லை.

காது வைத்தியர் யாழ்ப்பாணத்திலிருந்து வரவேண்டும் என்றார்கள். வரும்வரை, இது மருந்தின் மயக்கம், தெளிந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசியில் அவர் வந்தார். என் வயதுப் பெண். மகளை நீண்ட நேரம் பரிசோதித்துவிட்டு, கதிரையை இழுத்து எங்களுக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தார்.

"காது நரம்பு போயிட்டுது அம்மா. திரும்பி வராது. மெசின் போட்டாக் கொஞ்சம் கேக்கும். இனிப் பிள்ளையோடை கதைக்கேக்கை நேரை முகத்தைப் பார்த்து, ஆறுதலாக் கதையுங்கோ. அழுதுகொண்டு கதையாதேங்கோ. வாய் கோணினா அவளுக்கு விளங்காது."