உத்தரவு கேட்கும் பொம்மையன்

செல்பேசி 'டிங்' என்றதும் பொம்மையன் தலைப்பாகையை அவிழ்க்கிறார். அவிழ்த்த துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, நிமிர்ந்து நின்று, அதன்பிறகுதான் செய்தியைத் திறக்கிறார். மல்லிகை மூட்டையோடு வந்தவர்கள் காத்திருக்கட்டும். "எழுதறவங்க பெரியவங்க இல்லீங்களா?" என்பார்.

திண்டுக்கல் பூ மண்டியில் ஏலம் கூவுகிறவர் அவர். கீரனூர்க்காரர். காலில் முள் குத்தினாலும், 'கொஞ்சம் வெளிய வாங்க' என்று முள்ளை மரியாதையாகக் கூப்பிட்டுத்தான் பிடுங்குவார். ஒரு காலத்தில் அவர் "மல்லீ..." என்று இழுத்தால் சிறுமலையில் படுத்திருக்கும் மேகம் எழுந்து நகரும். நானே பார்த்திருக்கிறேன். நாளுக்கு இரண்டு கட்டுப் பீடி அந்தக் குரலைத் தின்றுவிட்டது. இந்தப் பொங்கலுக்குக் 'கனகாம்பரம்' என்று தொடங்கியவர், 'கன'வோடு இருமி உட்கார்ந்துவிட்டார்.

மண்டி முதலாளி சிலுவைமுத்து, வாயில் சிகரெட்டோடு தீர்ப்புச் சொன்னார். "இந்தாப்பா, வைகாசி மொத முகூர்த்தம் வரைக்கும் பாப்பேன். கொரலு வரலேன்னா மைக்கு வச்சு வேற ஆளப் போட்டுருவேன்." சொன்னதோடு நில்லாமல், மைக்கை வாங்கித் தூணில் கட்டியும்விட்டார்.

இருமலுக்குப் போன இடத்தில் டாக்டரம்மா மாத்திரையோடு ஓர் எண்ணையும் கொடுத்தார். பீடியை விடத் துணை நிற்கும் செல்பேசிச் சேவை. "புகைக்கத் தோன்றும்போது எங்களுக்கு எழுதுங்கள்" என்றது முதல் செய்தி. நம் ஆள் அதை, உத்தரவு கேட்டுவிட்டுப் புகைக்கச் சொல்வதாக எடுத்துக்கொண்டார். எழுதினார்: "ஏனுங்க, ஒண்ணே ஒண்ணு இழுத்துக்கட்டுங்களா?"

நொடியில் பதில்: "ஐந்து நிமிடம் பொறுங்கள். தண்ணீர் குடியுங்கள்." குடித்தார். மறுபடி கேட்டார். "ஆழமாக மூச்சு விடுங்கள்." விட்டார். மறுபடி கேட்டார். "சிறிது நடந்துவிட்டு வாருங்கள்." பேகம்பூர் வரை நடந்துவிட்டு வந்தார். முதல் நாள் மட்டும் நாற்பத்தேழு மனு. ஒன்றுக்கும் 'சரி' வரவில்லை. அன்று அவர் குடித்த தண்ணீரில் ஒரு தென்னந்தோப்பு பிழைத்திருக்கும்.

மாசியில் மைத்துனர் மகளுக்குக் கல்யாணம், மலையடிவாரக் குலதெய்வக் கோயிலில். அங்கே சிக்னல் இல்லை. மனு போகவில்லை, பதில் எப்படி வரும்? உதட்டில் பீடியும் கையில் தீப்பெட்டியுமாகக் காத்திருந்தார். கல்யாண வீடியோவில் தாலிகட்டு முதல் கடைசிப் பந்தி வரைக்கும் அந்தப் பீடி பற்றாமலே வருகிறது.

பூக்கட்டும் ஷாஹினாவுக்குத்தான் பொறுக்கவில்லை. "அண்ணே, அது மெஷினுண்ணே. அங்கிட்டு ஆளே கெடையாது."

பொம்மையன் துண்டைப் பார்த்தார், செல்பேசியைப் பார்த்தார். "இருக்கட்டும் அம்மணி. இத்தன நாளு கேட்டுப்போட்டு, இப்பக் கேக்காமப் பத்த வெச்சா நல்லாவா இருக்கும்?"

வைகாசி முதல் முகூர்த்தம் வந்தது. மண்டி நிறைய ஆள். சிலுவைமுத்து மைக் சுவிட்சில் விரலை வைத்துக்கொண்டு நின்றார். பொம்மையன் பலகைமேல் ஏறினார். "மல்லீ... கிலோ எண்ணூறுங்க!" அதே மூச்சில் தொள்ளாயிரம், ஆயிரம், ஆயிரத்து இருநூறு. இதோ இருமப்போகிறார் என்று அத்தனை பேரும் வாய் பார்த்து நின்றோம். இரண்டாயிரத்தில்தான் மூச்சை விட்டார். பழனி பஸ் ஒன்று பயந்துபோய் நடுரோட்டில் பிரேக் போட்டதாகப் பேச்சு. பேசியது நான்தான்.

ஷாஹினா எழுந்து, கட்டி முடித்த மாலையைத் தூணில் இருந்த மைக்குக்குப் போட்டாள். "நிம்மதியாத் தூங்கு அப்பு" என்றாள். மண்டியே சிரித்தது.

கூட்டம் கலைந்ததும் சிலுவைமுத்து பொம்மையனை ஓரமாக அழைத்தார். சிகரெட்டைச் செருப்பால் நசுக்கினார். அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டார். "யோவ், அந்த நம்பரு... எனக்குஞ் செத்த குடேன்."

பொம்மையன் முதலாளியின் தோளில் கிடந்த துண்டை மெல்ல எடுத்தார். நான்காக மடித்து, அவர் கக்கத்தில் இடுக்கிவிட்டார். பிறகுதான் செல்பேசியை நீட்டினார்.