அட்டைக்கடி என்று நினைத்த இரத்தம்

முதலில் பார்த்தது தொடையில் வழிந்த இரத்தம். மழை விட்ட காலை. தேயிலை நிரையில் நின்றிருந்தேன். வலி இல்லை. எங்கள் தோட்டத்தில் வலியில்லாமல் இரத்தம் வந்தால் அட்டை கடித்திருக்கிறது என்று அர்த்தம். கைலியை உதறிப் பார்த்தேன். ஒன்றும் விழவில்லை. குடித்துவிட்டு எங்கோ உதிர்ந்திருக்கும் என்று நினைத்து, புகையிலையைத் தேய்த்துவிட்டுக் கூடையைத் தூக்கினேன்.

ஏழு மாதம் அப்படியே நினைத்தேன். கொழுந்து பறிக்கும் எல்லாப் பெண்களின் துணியிலும் இரத்தக்கறை இருந்தது. அதனால் என்னுடையதை யாரும் கவனிக்கவில்லை. எழுபதுகளின் கடைசி அது. எனக்கு முப்பத்துநான்கு வயது.

எங்கள் வரிசை வீடுகளான லயத்தில் அடுத்த வீட்டில் இருந்த முனியம்மாக்கா என் பக்கத்து நிரையில் பறிப்பவர். ஒருநாள் என் கைலியைப் பார்த்துச் சிரித்தார்.

“ஏன் சரசு, தோட்டத்து அட்டைக்கெல்லாம் உன்னையத்தான் பிடிச்சிருக்கா? எங்க ரத்தம் என்ன, கசக்குதா லா?”

பிறகு கிட்டே வந்தார். சிரிப்பு போய்விட்டது. “அட்டை கடிச்சா இந்த நாத்தம் வராது புள்ள.”

வீட்டிலும் இரத்தம் இருந்தது. கணவருடன் படுத்த பிறகெல்லாம் பாயில் கறை. முதல் தடவை அவர் பயந்தார். மூன்றாம் தடவை இடுப்பு வாரைக் கழற்றினார். “எவன்கிட்ட போயிட்டு வந்த?” என்று கேட்டுக் கேட்டு அடித்தார். கொக்கி பட்ட இடங்களில் தோல் பிய்ந்தது. கை ஓய்ந்ததும் சோறு கேட்டார். போட்டேன்.

தோட்டத்து மருந்தகத்தில் இருந்தவர் ஆண். அவரிடம் முதுகைக் காட்டினேன். மற்றதைச் சொல்லவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கணவர் அடிவயிற்றில் உதைத்தார். இரத்தம் நிற்கவில்லை. முனியம்மாக்கா என்னை லோரியில் ஏற்றி, மலைக்குக் கீழே இருந்த மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். அங்கிருந்த பெண் மருத்துவர் தமிழர். உதைபட்ட காயத்தைத் தேடித்தான் உள்ளே பார்த்தார். விளக்கை இன்னும் கிட்டே இழுத்தார்.

“எத்தனை மாசமாம்மா ரத்தம் போகுது?”

“அட்டை கடிச்சதுங்க டாக்டர்.”

“அட்டை இல்லம்மா. கட்டி.”

பயாப்சி (சதைத் துணுக்கை வெட்டியெடுத்துப் பார்க்கும் சோதனை) முடிவு வந்தது. கருப்பை வாயில் (கருப்பையின் கீழ் நுனி) புற்றுநோய். சுற்றியுள்ள சதையிலும் பரவியிருந்ததால் அறுவை சிகிச்சை பயன்படாது. கோலாலம்பூரில் ஐந்து வாரம் கதிர்வீச்சு எடுக்க வேண்டும். “போனா பொழைக்க வாய்ப்பு இருக்கு. போகலைன்னா இல்ல,” என்று சொல்லிக் கடிதம் கொடுத்தார்.

கணவர் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அஞ்சு வாரம் டவுன்ல தனியாவா? அங்க எவன் இருக்கான்?” அதை அடுப்பில் போட்டார். அது எரிந்து முடியும்வரை என் தலைமுடியைப் பிடித்து நெருப்புக்கு நேராக வைத்திருந்தார். புருவம் கருகியது.

மறுநாள் அவர் வேலைக்குப் போனதும், பக்கத்து ஊரான ரிங்லெட்டில் கோஸ் ஏற்றி நின்ற லோரியில் ஏறினேன். ஓட்டுநரிடம் முனியம்மாக்கா சொல்லிவைத்திருந்தார். கோலாலம்பூர் மருத்துவமனையின் பதிவு மேசையில் இருந்த மலாய்ப் பெண், கடிதம் எரிந்ததைக் கேட்டதும் என் புருவத்தைப் பார்த்தார். கடிதம் கொடுத்த மருத்துவமனையைத் தொலைபேசியில் கூப்பிட்டார். எல்லாவற்றையும் மறுபடி எழுதிக்கொண்டார்.

கதிர்வீச்சு வலிக்காது. பிறகுதான் வேலையைக் காட்டும். வாந்தி, பேதி, தொடையிடுக்கில் தோல் உரிதல். கடைசியில் ரேடியம் வைத்தார்கள் (கதிரியக்கக் குழாய்களைக் கருப்பை வாயில் செருகித் துணியால் அடைப்பது). மூன்று நாள் அசையக்கூடாது. தாதியர் ஈயத் தடுப்புக்குப் பின்னால் நின்று தட்டைத் தள்ளிவிட்டுப் போனார்கள். யாரும் நெருங்கக்கூடாது என்று கதவில் எழுதியிருந்தது. உள்ளே நெருப்பாய் எரிந்தது. ஆனாலும் கல்யாணத்துக்குப் பிறகு நான் பயமில்லாமல் தூங்கியது அந்த அறையில்தான்.

வீடு திரும்பிய அன்று மத்தியானமே கணவர் கையைப் பிடித்தார்.

“மூணு மாசம் தொடக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிருக்காங்க.”

“என் பொண்டாட்டிய தொட டாக்டர் யாரு லா?”

வாரைக் கழற்றினார். நான் விறகுக்கட்டையை எடுத்து அவர் மணிக்கட்டில் அடித்தேன். எலும்பு உடைந்த சத்தம் இருவருக்கும் கேட்டது. “கிட்ட வந்தா அடுத்தது தலைதான்,” என்றேன். அன்றே முனியம்மாக்கா வீட்டுக்கு மாறினேன். இதை எழுதுவதில் எனக்குப் பெருமையும் இல்லை, வருத்தமும் இல்லை.

மாதவிலக்கு நின்றுபோனது. யோனி சுருங்கி இறுகியது. மாதத்தைச் சொல்லிக்கொண்டிருந்த உடம்பு வாயை மூடிக்கொண்டது. காலம் பரிசோதனைக்குப் பரிசோதனை, மூன்று மாதத் துண்டுகளாக வந்தது. யாராவது கல்யாணப் பத்திரிகை கொடுத்தால் தேதியைத்தான் முதலில் பார்ப்பேன். அடுத்த பரிசோதனைக்கு அப்பால் இருந்தால் வருகிறேன் என்று சொல்ல மாட்டேன்.

எண்பதுகளின் நடுவில் ஒரு பரிசோதனையின்போது, மலைக்குக் கீழே என் கட்டியைக் கண்டுபிடித்த அந்தப் பெண் மருத்துவர் புதிதாக ஒன்று சொன்னார். இந்த நோய்க்கு ஒரு வைரஸ் (கண்ணுக்குத் தெரியாத கிருமி) காரணம் என்று இப்போது கண்டுபிடித்திருக்கிறார்கள். உடலுறவில் தொற்றுவது. பெரும்பாலும் உடம்பே அதை விரட்டிவிடும். சிலரிடம் மட்டும் கருப்பை வாயில் தங்கி, பல வருடம் மெல்ல மெல்லத் திசுக்களைக் கெடுத்துப் புற்றாக்கும்.

“எனக்குப் புருஷன் ஒருத்தர்தான் டாக்டர்.”

“ஒருத்தர் போதும்மா. கிருமி இருக்கறது அவருக்கே தெரிஞ்சிருக்காது.”

இதைப் படிக்கும் பெண்ணுக்கு ஒன்று சொல்கிறேன். உறவுக்குப் பின் இரத்தம், துர்நாற்றமுள்ள நீர், விலக்கு அல்லாத நாளில் கறை, இவற்றில் எது வந்தாலும் காரணத்தை நீயே சொல்லிக்கொள்ளாதே. போய்க் காட்டு. கருப்பை வாயை வழித்தெடுத்துப் பார்க்கும் சோதனை சில நிமிட வேலை. புற்றாவதற்கு முன்பே தெரிந்துவிடும்.

அன்று பரிசோதனை முடிந்ததும் மருத்துவர் கையுறையைக் கழற்றினார். “இனிமே வருஷத்துக்கு ஒரு தடவை வந்தா போதும்.”

“ஒரு வருஷமா?”

“ஏன், கம்மியா இருக்கா?”

மலையேறும் பேருந்தில் அடுத்த வருடத் தேதி எழுதிய சீட்டை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பன்னிரண்டு மாதம். அவ்வளவு நாளை மொத்தமாக யாரும் என் கையில் கொடுத்ததில்லை. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.