மிஸ்ஸிக்கு ஏச்சு விழக்கூடாதென்று

பிள்ளைகளே, உங்கள் மாமா கிளினிக்கிலிருந்து வரும் வாட்ஸ்அப்பைத் திறப்பதற்கு முன்னால் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொள்வார். இதை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். வியாழக்கிழமை காலையில் புக்கிட் ரோத்தான் ஒட்டுக்கடையில் நானும் அவரும் தே குடிக்கும் நேரத்தில்தான் அந்தச் செய்தி வரும். நான் ஐஸ் லோரியை ஓரங்கட்டிவிட்டு வந்திருப்பேன், அவர் தோட்டத்து டிராக்டரை நிறுத்திவிட்டு வந்திருப்பார். கைப்பேசி சத்தம் கொடுத்ததும் கிளாசைத் தள்ளி வைப்பார், கண்ணாடியை மாட்டுவார், முதுகை நிமிர்த்துவார், பொத்தானைப் போடுவார். “என்ன மச்சான், டாக்டரு போனுக்குள்ளேர்ந்து பாக்குறாரா?” என்று சீண்டினால், “சும்மா இரு மாப்பிள்ள, மிஸ்ஸி கேக்குது” என்பார். ரத்தத்தில் சர்க்கரை ஏறிய இனிப்பு நீர் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் தாதியைத்தான் அவர் மிஸ்ஸி என்றார்.

மாமாவின் கருமாதி முடிந்து திரும்பும்போது காரில் பெரியவன் கேட்டான்: “மெசேஜ்ல கேட்டதுக்கு உண்மையான பதில அமுக்குறதுல என்னப்பா கஷ்டம்? மாமா போடோ லா.” முன் சீட்டில் அம்மா அழுதுகொண்டிருந்தாள். செத்துப்போன அண்ணனை முட்டாள் என்கிறானே என்று அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, அவ்வளவு களைத்திருந்தாள். பேசினால் சரியாக வராது என்றுதான் எழுதுகிறேன்.

அந்த வாட்ஸ்அப் ஏற்பாடு நல்ல ஏற்பாடுதான், அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. முன்பெல்லாம் வெளுக்குமுன்னே கிளினிக்குக்குப் போய் நம்பர் எடுத்து, மத்தியானம்வரை பலகையில் உட்கார்ந்திருக்க வேண்டும். பிறகு வாரா வாரம் கைப்பேசியிலேயே கேட்க ஆரம்பித்தார்கள். மயக்கம் வந்ததா, காலில் புண் இருக்கிறதா, மருந்து ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா. ஆமாம், இல்லை, ஏதாவதொன்றை அழுத்தினால் போதும். புண் இருக்கிறது என்று அழுத்தியவர்களை அன்றைக்கே கூப்பிட்டு விடுவார்கள். இல்லை என்றவர்கள் தங்கள் தவணைக்கு வந்தால் போதும், அதற்கு மாதங்கள் ஆகும். கடைசியில் மட்டும், எங்கள் சேவை எப்படி இருக்கிறது, நட்சத்திரம் போடுங்கள் என்றிருக்கும்.

மாமாவின் எண்ணை எழுதிக்கொண்ட அன்று மிஸ்ஸி சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறாள்: “வாராவாரம் பதில் போட்டுருங்க அங்கிள். இல்லாட்டி டாக்டர் என்னைத்தான் ஏசுவாரு.” அது விளையாட்டுப் பேச்சு. மாமா அதை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. நட்சத்திரத்தையும் பார்த்தபிறகு அவருக்குச் சந்தேகமே இல்லாமல் போய்விட்டது. இது மொத்தமும் மிஸ்ஸிக்குப் பரீட்சை, புண் என்று அழுத்தினால், ஒழுங்காகப் பார்த்துக்கொள்ளவில்லை என்று மேலிடம் அவளைத்தான் பிடிக்கும் என்று முடிவு கட்டிக்கொண்டார்.

ஏன் அப்படி நினைத்தார் என்று கேட்பீர்கள். நாங்கள் தோட்டத்து லயத்து வீடுகளில் இருந்தபோது பெரிய துரை பார்வையிட வருவார். வரிசையாக நிறுத்திவைத்து, ஏதாவது குறை உண்டா என்று கேட்பார். “இல்லீங்க தொரை” என்பதுதான் பதில். பயம் பாதி. மீதி, எங்களை வேலை வாங்கிக்கொண்டு பக்கத்தில் நிற்கும் மண்டோருக்காக. ஒரு தடவை மாமாவின் அப்பா கூரை ஒழுகுகிறது என்று வாயைத் திறந்துவிட்டார். துரை தலையாட்டிவிட்டுக் காரில் ஏறினார். அடுத்த மாதம் அந்த மண்டோரை வேறு டிவிஷனுக்குத் தூக்கிப் போட்டார்கள். எங்கள் பெண்களுக்குப் பிரசவ வலி கண்டால் தானே லோரி பிடித்துக் கொண்டுபோகிற மனிதர் அவர். கூரை அப்படியேதான் ஒழுகிற்று. “மேல சொல்ற குறை பக்கத்துல நிக்கிறவன் தலையிலதான் விழும் மாப்பிள்ள” என்று மாமா அடிக்கடி சொல்வார். படித்துத் தெரிந்துகொண்டதல்ல, கண்ணால் பார்த்தது.

சாவதற்கு முந்தின வருடம் அவர் கொஞ்சம் சாய்ந்து நடந்தார். கேட்டால், “புது சப்பாத்து கடிக்குது” என்றார். இனிப்பு நீரில் கால் மரத்திருந்ததால் செம்பனை முள் ஏறியதே அவருக்குத் தெரியவில்லை. தெரிந்தபிறகு மஞ்சள் வைத்துத் துணி சுற்றி, காலுறைக்குள் மறைத்துவிட்டார். சின்னவளே, உன் பிறந்தநாளுக்கு வந்தபோது எல்லாரும் கேக்கைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நீதான் தரையைப் பார்த்தாய். “மாமா, உங்க ஒரு காலு மட்டும் ஏன் ஈரமா இருக்கு?” என்றாய். வாசலிலிருந்து நாற்காலிவரை மொசைக்கில் ஒற்றைக்கால் தடம், பழுப்பு நிறத்தில். மாமா சிரித்தார். அம்மா குனிந்து காலுறையைக் கழற்றினாள். அந்த நாற்றத்தை நான் எழுதப் போவதில்லை.

மறுநாள் கிளினிக்கில் டாக்டர் காலைப் பார்த்தார், கணினியைப் பார்த்தார், மறுபடி காலைப் பார்த்தார். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுத ஆரம்பித்தார். மிஸ்ஸிதான் கேட்டாள்.

“அங்கிள், போன வியாழக்கெழமகூட புண்ணு இல்லன்னுதானே அமுக்கியிருக்கீங்க?”

“ஆமாம்மா. ஒனக்குப் பேரு கெட்டுறக் கூடாதுல்ல.”

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் முகம் சிவந்துவிட்டது. “எனக்கு மார்க்கு போடவா அங்கிள் கேட்டோம்? ஒங்க காலப் பத்திக் கேட்டோம்! ஒரு வாரம் ஆமான்னு அமுக்கியிருந்தா நானே போன் பண்ணிக் கூப்பிட்டிருப்பேனே!” என்று கத்தினாள். பலகையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பினார்கள். மாமா, ஏச்சு வாங்கிய பிள்ளை மாதிரி, அவள் கோபம் தணியட்டும் என்று தலையைக் குனிந்துகொண்டார்.

முழங்காலுக்குக் கீழே காலை எடுத்தார்கள். மிஸ்ஸி தன் விடுமுறை நாளில் பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்கு வந்தாள். போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தைப் பார்க்காமல் பேசினாள். மாமா கேட்ட முதல் கேள்வி, “டாக்டரு ஒன்ன ஏசுனாராம்மா?” அவள் “இல்ல அங்கிள், யாரும் ஏசல” என்றாள். “அப்ப ஒனக்கு முழு மார்க்கு” என்று சிரித்தார். வெளியே போய்ச் சுவரில் சாய்ந்து அவள் நின்றதை நான் பார்த்தேன். ஏசினார்களா இல்லையா என்று நான் கேட்கவில்லை. அடுத்த வருடம் மாமா நெஞ்சு வலியில் போய்விட்டார்.

பெரியவனே, காலேஜில் நீ படிக்கிற சுகாதாரப் படிப்பில் இந்த மாதிரிக் கேள்விகளை எப்படித் தயாரிப்பது என்று சொல்லிக் கொடுப்பார்கள். கேட்கிறவர் யார், பதில் யார் தலையில் விழும் என்று யோசித்துவிட்டுத்தான் எங்கள் ஆட்கள் வாயைத் திறப்பார்கள் என்பதையும் சேர்த்துக்கொள். அவரை முட்டாள் என்று மட்டும் சொல்லாதே. அவர் தன் காலைவிட அந்தப் பெண்ணின் வேலையைப் பெரிதாக நினைத்தார். அது தப்புக் கணக்குதான். அந்தத் தப்பு எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் திட்டாதே.

எனக்கும் இனிப்பு நீர் என்று இப்போது சொல்லிவிட்டார்கள். போன வாரம் பாசிர் பெனம்பாங்கில் மீன் கொட்டகைகளுக்கு ஐஸ் இறக்கிவிட்டு, லோரியில் தனியாக உட்கார்ந்திருந்தேன். முதல் செய்தி வந்தது. காலில் மரமரப்பு உண்டா என்று கேட்டார்கள். இடது கால் பெருவிரல் கொஞ்ச நாளாகவே என்னுடையது மாதிரி இல்லை. கைக் கட்டைவிரல் தானாக ‘இல்லை’ பக்கம் போயிற்று. அதை எடுத்துவிட்டு ‘ஆமாம்’ என்பதை அழுத்தினேன். எவ்வளவு நாளாக என்று அடுத்த கேள்வி வந்தது. அதற்கும் உள்ளதைப் போட்டேன்.