ஈஜிபுரா கடலை வெண்ணெய்

நான் கிரைண்டரைப் போட்டால் எங்கள் வீட்டுக்கார அம்மா மொட்டை மாடிக்குப் போவார். போய், கறுப்புத் தண்ணீர்த் தொட்டியை விரல் மடக்கி மேலிருந்து கீழாகத் தட்டிக்கொண்டே வருவார். வெற்றுச் சத்தம் எங்கே நின்று நிறைந்த சத்தம் எங்கே தொடங்குகிறதோ, அதுவரைக்கும் தண்ணீர் இருக்கிறது என்று அர்த்தம். இறங்கி வரும்போது எங்கள் கதவைக் கடந்துதான் போக வேண்டும். சிரிப்பார். நானும் சிரிப்பேன். குடிவந்த புதிதில், இந்த அம்மாவுக்கு என் இட்லி மாவின் மீது இவ்வளவு அக்கறையா என்று நினைத்துக்கொண்டேன். ஐயோ, என் அப்பாவித்தனமே!

விஷயம் வேறு. எனக்கு முன்னால் இந்த வீட்டில் இருந்தவர்களும் தமிழர்கள்தாம். இட்லி மாவு அரைத்துத் தெருவெல்லாம் விற்றிருக்கிறார்கள். அரிசி கழுவ, உளுந்து ஊறவைக்க, கிரைண்டர் கழுவ என்று தொட்டி மத்தியானத்துக்குள் காலியாகிவிடுமாம். பெங்களூரில், அதுவும் எங்கள் ஈஜிபுராப் பக்கம், வெயில் காலத்தில் தண்ணீர் லாரிக்குக் காத்திருந்தவர்களுக்குத்தான் அந்த வயிற்றெரிச்சல் புரியும். அதனால் வீட்டுக்கார ஜெயம்மா எங்களுக்கு வீடு கொடுத்தபோதே ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். "ஹிட்டு வியாபாரா மாடங்கில்லா." மாவு வியாபாரம் செய்யக் கூடாது. திண்டிவனம் பக்கத்தில் எங்கள் தெருவில் கிரைண்டர் சத்தம் கேட்டால், "அப்படியே என் அரிசியையும் போட்டு எடுத்துடேன்" என்று பக்கத்து வீட்டுக்காரி குண்டானோடு வந்து நிற்பாள். இங்கே அதே சத்தத்துக்குத் தொட்டியைத் தட்டிப் பார்க்கிறார்கள். ஊர்விட்டு ஊர் வந்தவர்களுக்கு இதெல்லாம் பழகிவிடும். எனக்கும் பழகிவிட்டது.

பழகாமல் இருந்தது ஒன்றுதான், வீடு மாறுவது. நாலு வருஷத்தில் மூன்று வீடு. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பள்ளிக்கூடம். என் மகள் யாழினி ஒவ்வொரு இடத்திலும் கடைசி பெஞ்சில் புதுப்பெண்ணாக உட்கார்ந்து, சிநேகிதிகள் கிடைத்த மாதத்தில் சாமான் கட்டுவாள். எட்டாம் வகுப்பில்தான் அவளுக்கு விடிந்தது. கோ-கோ அணியில் இடம் கிடைத்தது. துரத்துவதற்கு உட்கார்ந்திருக்கும்போது அவள் முதுகு நிமிர்ந்திருப்பதைப் பார்க்க வேண்டுமே! அந்த முதுகை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பதினோரு மாத ஒப்பந்தம் முடிகிற நேரம் அது. புதுப்பித்துத் தருவீர்களா என்று என் கணவர் கேட்டதற்கு, "நோடோணா" என்றார் ஜெயம்மா. பார்க்கலாம் என்று அர்த்தம். இந்த வீடு போனால் பக்கத்தில் எங்கள் வாடகைக்கு வேறு வீடு கிடைக்காது. பள்ளிக்கூடமும் போச்சு, கோ-கோவும் போச்சு.

இந்த லட்சணத்தில்தான் நான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். அணிப் பிள்ளைகளின் பெற்றோரைப் பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டிருந்தார்கள். பி.டி. சார் மஞ்சுநாத் கையில் ஒரு பாட்டிலைத் தூக்கிக் காட்டி, போட்டிக்கு இரண்டு வாரம்தான் இருக்கிறது, பிள்ளைகளுக்குத் தெம்பு வேண்டும், தினமும் ரொட்டியில் பீனட் பட்டர் தடவிக் கொடுங்கள் என்றார். பாட்டில் கைமாறி என்னிடம் வந்தது. பின்னால் பொடி எழுத்தைப் படித்தேன். கடலை, சர்க்கரை, ஏதோ ஒரு எண்ணெய், அப்புறம் பெயர் தெரியாத இரண்டு சமாச்சாரம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மல்லாட்டை விளைகிற மண்ணில் பிறந்தவள் நான். நிலக்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். அதைப் போய் சர்க்கரையும் எண்ணெயும் கலந்து எனக்கே விற்பதா? எழுந்து நின்று எனக்குத் தெரிந்த கன்னடத்தில், "சார், இது பேடா. மனேலி நானே மாட்கொடுத்தீனி" என்றேன். இது வேண்டாம், வீட்டில் நானே செய்து தருகிறேன்.

என் மகளுக்கு என்றுதான் சொன்னேன். ஆனால் சார் முகம் மலர்ந்துவிட்டது. எல்லாரும் கைதட்டினார்கள். ஒரு அம்மா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். என்ன இது, இந்த ஊரில் மகளுக்குச் சமைத்தால் கைதட்டுவார்களா என்று குழம்பிக்கொண்டே வெளியே வந்தேன். யாழினி தலையில் அடித்துக்கொண்டாள்.

"அம்மா, மொத்த டீமுக்கும் பண்ணித் தரேன்னு சொல்லிட்டு வந்திருக்க. பன்னெண்டு பேரும்மா!"

திரும்பிப் போய் இல்லை என்று சொல்லியிருக்கலாம். கைதட்டல் வாங்கியாயிற்றே, எந்த மூஞ்சியோடு போவது? ஊரிலிருந்து தம்பி முருகன் அனுப்பிய மல்லாட்டைப் பருப்பு ஒரு சாக்கு இருந்தது. அரைப்பது என்ன பெரிய வித்தை என்று மிக்ஸியை எடுத்தேன்.

வறுத்தேன், தோல் நீக்கினேன், மிக்ஸியில் போட்டேன். முதலில் பொடியானது. பிறகு ஜாரின் ஓரமெல்லாம் அப்பிக்கொண்டு பிளேடு சும்மா சுற்றியது. இந்த இடத்தில் தமிழ்நாட்டுப் பெண் எவளாக இருந்தாலும் என்ன செய்வாளோ அதையே நானும் செய்தேன். கை தானாகத் தண்ணீர்ச் செம்புக்குப் போனது. இரண்டு கை தெளித்தேன். சட்னி அரைத்தே வளர்ந்த கை, அதற்கு வேறென்ன தெரியும்? அரைபட்டது என்னவோ உண்மை. ஆனால் வெண்ணெய் ஆகவில்லை. வெளிறிப்போய்க் கட்டியான ஒரு விழுது. மறுநாள் சாயங்காலம் மூடியைத் திறந்தால் புளித்த வாடை குப்பென்று அடித்தது. "இன்னா கலா, மல்லாட்டையில தோசை சுடப் போறியா?" என்றார் என் கணவர் சேகர். அவர் தொம்மலூரில் ஒரு அலுவலகக் கட்டடத்தில் எலெக்ட்ரீஷியன். சமயம் பார்த்துக் குத்துவதில் மன்னன்.

எனக்கு வந்த அவமானம் அவருக்குத் தெரியாது. ஏனென்றால் இந்தப் பாடத்தை நான் ஏற்கனவே படித்தவள். எங்கள் ஊரில் கமிட்டிக்கு, அதாவது ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு, போகிற கடலையைக் கையால் உடைப்போம். காய்ந்த காயை உடைத்து உடைத்துக் கட்டைவிரல் நகக்கண் கிழிந்துபோகும். அதற்காக அம்மா காயின் மேல் லேசாகத் தண்ணீர் தெளித்துவிடுவாள், ஓடு இளகிக்கொடுக்கும். வியாபாரி சாக்குக்குள் கையை விட்டதுமே கண்டுபிடித்துவிடுவார். "ஈரம் பட்டா பூஞ்சை புடிக்கும்னு தெரியாதா? எடுத்துட்டுப் போங்க உங்க சரக்கை" என்று எல்லார் முன்னிலையிலும் கத்துவார். அம்மா தலைகுனிந்து சாக்கைக் கட்டுவாள். நான் பக்கத்தில் நிற்பேன். அந்த வேலையை நான் வெறுத்தேன், இன்றைக்கும் அதை நினைத்து எனக்கு ஏக்கம் எதுவும் வருவதில்லை. ஆனால் அவ்வளவு திட்டு வாங்கியும் பெங்களூருக்கு வந்து அதே தண்ணீரை அதே கடலையில் தெளித்திருக்கிறேனே, என்னை என்ன சொல்வது!

இரண்டாம் முறை ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல் அரைத்தேன். மிக்ஸிதான் புகைந்து உயிரை விட்டது. போட்டிக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. சமையலறையில் மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று, கல் உருளும் கிரைண்டர். அதைப் பார்த்ததும் எனக்கு மாவைவிட முதலில் ஜெயம்மாதான் ஞாபகத்துக்கு வந்தார். இட்லிக்கு ஓடுகிற நேரத்துக்கே தொட்டியைத் தட்டுகிறவர், காலையிலிருந்து மத்தியானம் வரை ஓடினால் சும்மா விடுவாரா? ஒப்பந்தம் வேறு தொங்கிக்கொண்டிருக்கிறது. பேசாமல் சாரிடம் மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்றேன். யாழினி ஷூ லேசைக் கட்டிக்கொண்டே, "பரவால்லம்மா, நான் சொல்லிக்கிறேன்" என்றாள். புதுப்பெண்ணாக உட்கார்ந்து பழகியவளின் குரல் அது. அதைக் கேட்டதும் என் மனம் தாங்கவில்லை. வருவது வரட்டும் என்று கிரைண்டரைத் துடைத்து ஒரு பகல் முழுக்க வெயிலில் காயவைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆரம்பித்தேன். இரும்புச் சட்டியில் சிறு தீயில் வறுத்து, துணியில் கொட்டித் தேய்த்து, முறத்தில் புடைத்துத் தோலையும் கசக்கிற மூக்கையும் ஊதித் தள்ளினேன். சூடு ஆறுவதற்குள் ஒவ்வொரு பிடியாகக் கிரைண்டரில் போட்டேன். சேகர் மேசை விசிறியை மோட்டார் பக்கம் திருப்பிவைத்து, தொட்டுத் தொட்டுப் பார்த்தார். முதலில் பொடி. அப்புறம் புட்டு மாவு. அப்புறம் கல்லில் ஒட்டிக்கொண்டு நகரமாட்டேன் என்று அடம். என் கை இரண்டு முறை செம்பைத் தேடியது. சேகர் செம்பையே எடுத்துக் கூடத்தில் வைத்துவிட்டார். காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். வேறெதுவும் சேர்க்க வேண்டாம். முக்கால் மணி நேரம் கழித்து விழுதின் மேல் ஒரு பளபளப்பு தெரிந்தது. கடலை தன் எண்ணெயைத் தானே விட ஆரம்பித்திருந்தது. அடுத்த பிடி போட்டதும் இளகி, கல்லைச் சுற்றி வழிந்து ஓடியது. வறுத்து இடித்த உப்பைத் தூவினேன். வாசனை தெருமுனை வரை போயிருக்கும். "ஏங்க, வந்துடுச்சுங்க!" என்று நான் போட்ட கூச்சலில் யாழினி தூக்கம் கலைந்து ஓடிவந்தாள்.

இரண்டாவது ஈடு ஓடிக்கொண்டிருக்கும்போது மாடியில் தொட்டியைத் தட்டும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் கேட்டது. மூன்றாவது ஈட்டின்போது ஜெயம்மா நேராகக் கதவுக்கே வந்துவிட்டார்.

"கலா, நானு மொதலே ஹேளித்தே. ஹிட்டு வியாபாரா ஷுரு மாடிபிட்யா? மனே காலி மாடி." முன்பே சொன்னேன், மாவு வியாபாரம் தொடங்கிவிட்டாய், வீட்டைக் காலி செய்யுங்கள் என்று ஒரே மூச்சில் முடித்துவிட்டார்.

எனக்குக் கன்னடம் மொத்தமும் மறந்துபோனது. அவர் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனேன். ஊறவைத்த பாத்திரம் இருக்கிறதா என்று அவர் கண் சமையலறையைத் துழாவியது. பாத்திரம் கழுவும் இடம் காய்ந்து கிடந்தது. குழாயடியில் ஒரு ஈரத் துணிகூட இல்லை. கிரைண்டருக்குள் எட்டிப் பார்த்தார்.

"நீரு ஹாக்கில்வா?" தண்ணீரே ஊற்றவில்லையா?

"ஒந்து ஹனியூ இல்லா ஆன்ட்டி" என்றாள் யாழினி, ஒரு சொட்டுகூட இல்லை என்று. பிறகு கோ-கோ, பன்னிரண்டு பிள்ளைகள், நான் எழுந்து நின்று வாய்விட்டது எல்லாவற்றையும் கடகடவென்று கன்னடத்தில் சொன்னாள். இந்தப் பெண் எப்போது இவ்வளவு பேசக் கற்றாள்? ஜெயம்மா கேட்டுக்கொண்டே ஓரத்தில் வழிந்ததை விரலால் எடுத்து நாக்கில் வைத்தார். கண்ணை மூடினார். இன்னொரு விரல் எடுத்தார். அவர் பாவகடாப் பக்கத்துக்காரர், அதுவும் கடலை விளைகிற சீமை என்பது எனக்கு அன்றுதான் தெரியும். "நம் ஊரு காயி ஹாகே இதே" என்றார், எங்கள் ஊர்க் கடலை மாதிரியே இருக்கிறது என்று. அப்புறம் புடவையைச் செருகிக்கொண்டு முறத்தை இழுத்து, மிச்சக் கடலையைப் புடைக்க உட்கார்ந்தார். என்னைவிட வேகமான கை.

அன்றிலிருந்து அணிப் பிள்ளைகளுக்கு ரொட்டியில் தடவி டப்பா போனது. போட்டியன்று மைதானத்தில் நானும் ஜெயம்மாவும் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். கடைசிச் சுற்றில் யாழினி கம்பத்தைச் சுற்றிப் பாய்ந்து எதிரணிப் பெண்ணைத் தொட்டபோது நான் தமிழில் கத்தினேன், அவர் கன்னடத்தில் கத்தினார். ஜெயித்தோம்! பதக்கத்தோடு ஓடிவந்த மகள் முதலில் என்னைக் கட்டிக்கொண்டாளா அவரையா என்று இப்போதும் வீட்டில் சண்டை நடக்கிறது. அந்த வாரமே ஒப்பந்தத்தில் ஜெயம்மா கையெழுத்துப் போட்டார், தொட்டியைப் பற்றிப் பேச்சே எடுக்காமல்.

போன வாரம் ஒரே ஈட்டில் அரைத்து இரண்டு பாட்டில் நிரப்பினேன். ஒன்று திண்டிவனத்துக்கு, தம்பிக்கு. மற்றது ஜெயம்மாவுக்கு, அவர் ஊருக்கு எடுத்துப்போகக் கேட்டிருந்தார். முருகன் போன் செய்தான். "அக்கா, வந்தவங்களுக்கெல்லாம் பெங்களூர் சரக்குன்னு சொல்லித்தான் குடுத்தேன், ஆளாளுக்கு வழிச்சுத் தின்னுட்டாங்க" என்றான். அவன் நிலத்தில் விளைந்த கடலைதானே என்று சொல்ல வாயெடுத்தபோது, கீழே வாசலில் ஜெயம்மா ஆட்டோவில் ஏறிக்கொண்டிருந்தார். பையில் என்ன என்று எதிர்வீட்டுக்காரர் கேட்க, பாட்டிலைத் தூக்கிக் காட்டிப் பெருமையாகச் சொன்னார்: "தமிள்நாடிந்து. நம் மனே கலா மாடித்து." தமிழ்நாட்டுப் பொருள், எங்கள் வீட்டுக் கலா செய்தது. நான் இரண்டு பேருக்கும் சரி என்று தலையாட்டிவிட்டு, அன்று அரைத்த புது ஈட்டில் கல்லில் ஒட்டியிருந்ததை வழித்து வாயில் போட்டுக்கொண்டேன்.